மவுஸ் இல்லாமல் லினக்ஸில் நிரல் எழுத: எந்த விசை யாருக்குச் சொந்தம்?

கேள்வி | 07-06-2025

லினக்ஸுக்கு மாறிக் கொஞ்ச காலம் ஆகிறது. போன வாரக் கடைசியில் ஒரே மூச்சில் ஐ3 (ஜன்னல்களைத் தானே அடுக்கும் விண்டோ மேனேஜர்), டிமக்ஸ் (ஒரு டெர்மினலைப் பலவாகப் பிரிப்பது), நியோவிம் (எடிட்டர்) மூன்றையும் போட்டு, மவுஸைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன். விசைப்பலகையை விட்டுக் கை எடுக்காமல் வேலை செய்தால் வேகம் கூடும் என்றார்கள். இப்போது பாதி விசைகள் நினைத்ததைச் செய்வதில்லை. கட்டளைகளை அடிக்கும் ஷெல்லில் ஆல்ட்-எஃப் அடித்தால் திரை முழுதாக விரிகிறது. எடிட்டரில் கன்ட்ரோல்-பி அடித்தால் ஒன்றும் நடப்பதில்லை. கன்ட்ரோல்-எஸ் அடித்தால் எல்லாம் உறைந்துபோகிறது. எந்த வரிசையில் அமைத்திருக்க வேண்டும்?

07-06-2025, இரவு

மூன்று புகாருக்கும் காரணம் ஒன்றுதான்: ஒரே விசைக்குப் பல சொந்தக்காரர்கள்.

நீங்கள் அழுத்தும் விசை நேராக எடிட்டருக்குப் போவதில்லை. முதலில் கர்னல் (லினக்ஸின் மையக் கரு), அப்புறம் விண்டோ மேனேஜர், அப்புறம் டெர்மினல் (கட்டளை ஜன்னல்), அதற்குள் டிமக்ஸ், கடைசியில் ஷெல்லோ எடிட்டரோ. வழியில் யார் முதலில் பிடிக்கிறாரோ விசை அவருக்கு. அடுத்தவருக்கு அது வந்த விஷயமே தெரியாது. மேல்மாடியில் குழாயைத் திறந்துவிட்டால் கீழ்வீட்டில் சொட்டுகூட வராதது மாதிரி.

ஐ3 முதல்முறை ஓடும்போது "உன் முதன்மை விசை எது, ஆல்ட்டா விண்டோஸ் சின்னம் உள்ள விசையா" என்று கேட்கும். நீங்கள் ஆல்ட் என்று சொல்லியிருக்கிறீர்கள். ஷெல்லில் ஒரு சொல் முன்னே தாவ ஆல்ட்-எஃப், பின்னே வர ஆல்ட்-பி, முந்தைய கட்டளையின் கடைசிச் சொல்லைக் கொண்டுவர ஆல்ட்-புள்ளி. ஆல்ட்டை ஐ3 எடுத்துக்கொண்டதும் இவற்றில் எதுவெல்லாம் அதன் பட்டியலில் இருக்கிறதோ அதுவெல்லாம் போச்சு. ஈமேக்ஸ் என்ற எடிட்டர் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் இன்னும் மோசம். அங்கே பாதிக் கட்டளைகள் ஆல்ட்டில்தான்.

கன்ட்ரோல்-பி என்பது டிமக்ஸின் முன்விசை, அதாவது அதன் கட்டளைகளுக்கு முன்னால் அடிக்க வேண்டியது. விம்மில் (நியோவிம் அதன் வழிவந்ததுதான்) அது ஒரு பக்கம் மேலே போக. டிமக்ஸ் முன்னால் நிற்பதால் அது பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த விசைக்காகக் காத்திருக்கிறது. "ஒன்றும் நடப்பதில்லை" என்பது அந்தக் காத்திருப்புதான்.

கன்ட்ரோல்-எஸ் விஷயத்தில் எதுவும் உறையவில்லை. வெளியீட்டை நிறுத்தி வை என்று டெர்மினலுக்குச் சொல்லும் பழைய சமிக்ஞை அது. கன்ட்ரோல்-க்யூ அடித்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். எஸ்டிடிஒய் கட்டளையில் ஐஎக்ஸ்ஆன் என்ற அமைப்பை அணைத்து, அந்த வரியை ஷெல்லின் தொடக்கக் கோப்பில் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது. உபரி லாபம்: பாஷ் ஷெல்லில் கன்ட்ரோல்-ஆர் பழைய கட்டளைகளைப் பின்னோக்கித் தேடுகிறதே, அதன் முன்னோக்கிய ஜோடி கன்ட்ரோல்-எஸ் உயிர் பெறும்.

08-06-2025

வரிசை பற்றிக் கேட்டதற்கு நேற்று பதிலே சொல்லவில்லை. என் கருத்து: கீழிருந்து மேலே. முதலில் விசைப்பலகை, அப்புறம் ஷெல், அப்புறம் எடிட்டர், தேவைப்பட்டால் டிமக்ஸ், விண்டோ மேனேஜர் கடைசி. எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். ஏனென்றால் விண்டோ மேனேஜர்தான் படம் எடுத்துக் காட்ட அழகாக இருக்கிறது. ஷெல்லில் ஆல்ட்-புள்ளி கற்றுக்கொண்டதை யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவதில்லை.

விசைகளைப் பாகம் பிரிப்பது இப்படி. சூப்பர் விசை (விண்டோஸ் சின்னம் உள்ளது) முழுக்க விண்டோ மேனேஜருக்கு, வேறு யாரும் தொடக்கூடாது. ஆல்ட் ஷெல்லுக்கு. கன்ட்ரோல் டெர்மினலுக்குள் ஓடும் நிரலுக்கு, அதில் ஒரே ஒரு சேர்க்கை மட்டும் டிமக்ஸுக்கு. எடிட்டரில் என் சொந்தக் கட்டளைகள் எல்லாம் ஸ்பேஸ் விசைக்குப் பின்னால். இந்தப் பங்கீட்டை ஒரு தாளில் எழுதிவிட்டு அப்புறம் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பைத் திறங்கள். புதிதாக ஒரு கருவி வந்தால் அதன் விசைகள் எந்தப் பாகத்துக்குள் வரவேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும்.

08-06-2025, கொஞ்சம் கழித்து

டிமக்ஸின் முன்விசையைக் கன்ட்ரோல்-ஏ ஆக்கச் சொல்லி எல்லா வழிகாட்டியிலும் எழுதியிருக்கும். 1987-இல் வந்த ஸ்கிரீன் என்ற நிரலின் பழக்கம் அது. ஆனால் ஷெல்லில் வரியின் தொடக்கத்துக்குப் போக கன்ட்ரோல்-ஏ, விம்மில் எண்ணை ஒன்று கூட்ட கன்ட்ரோல்-ஏ. இரண்டையும் நான் தினமும் பயன்படுத்துகிறேன். அதனால் கன்ட்ரோல்-ஸ்பேஸ் வைத்திருக்கிறேன். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. தமிழ் தட்டச்சு பற்றிப் பேசும்போது வருகிறேன்.

11-06-2025

கேப்ஸ் லாக். இதைத் தொடாமல் மேலே போகவே முடியாது.

கன்ட்ரோலும் எஸ்கேப்பும் நிரலாளர் கை ஓயாமல் தேடும் விசைகள். இரண்டும் மூலையில் கிடக்கின்றன. யாருக்கும் வேண்டாத கேப்ஸ் லாக் இடது சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ராஜாவாக உட்கார்ந்திருக்கிறது. இது ஆதியில் இப்படி இல்லை. பில் ஜாய் 1976-இல் விம்மின் முன்னோடியான விஐ எடிட்டரை எழுதியது லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினலில். அந்த விசைப்பலகையில் இன்று டேப் இருக்கும் இடத்தில் எஸ்கேப், இன்று கேப்ஸ் லாக் இருக்கும் இடத்தில் கன்ட்ரோல். அம்புக்குறிகள் தனியாக இல்லை. ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அச்சிட்டிருந்தார்கள். விம்மில் எதற்கு இந்த நான்கு எழுத்து என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. எஸ்கேப் அடிக்கக் கையை நீட்டி அலுத்துப்போகிறவர்கள் விம்மைத் திட்ட வேண்டாம், விசைப்பலகை மாறிவிட்டது.

ஆகவே கேப்ஸ் லாக்கைத் தட்டினால் எஸ்கேப், பிடித்துக்கொண்டு இன்னொன்றை அடித்தால் கன்ட்ரோல். எல்லாவற்றிலும் பெரிய லாபம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் சில்லறை.

எதைக் கொண்டு செய்வது? வெறுமனே கன்ட்ரோலாக மாற்ற மட்டும் என்றால் எக்ஸ்கேபி என்ற விசைப்பலகை அமைப்பிலேயே அதற்கு ஒரு வரி உண்டு. இரட்டை வேலைக்கு, லினக்ஸின் பழைய வரைகலை அமைப்பான எக்ஸ்11 காலத்தில் எக்ஸ்கேப் என்ற சிறு நிரல் இருந்தது. அதற்குப் பின் வந்த வேலண்டில் அது ஓடாது. வேலண்டில் விசைகளைக் கவனிக்கும் உரிமை திரையை வரையும் காம்போசிட்டருக்கு மட்டும்தான், வெளியிலிருந்து எவரும் எட்டிப்பார்க்க முடியாது. பாதுகாப்புக்கு நல்லது, பழைய தந்திரங்களுக்குக் கெட்டது. எனவே அதற்கும் கீழே இறங்க வேண்டும். கீடி, கனாட்டா, கேமோனாட் எல்லாம் கர்னலிடமிருந்து விசையை வாங்கி, மாற்றி, புதிய விசைப்பலகை போலத் திருப்பிக் கொடுப்பவை. எக்ஸ்11, வேலண்ட், வரைகலையே இல்லாத கன்சோல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யும். நான் கீடி. ஒரு குட்டிக் கோப்பு, அதில் நாலு வரி.

11-06-2025, பின்குறிப்பு

கீடி போடுகிறவர்கள் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது: பேக்ஸ்பேஸ், எஸ்கேப், எண்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கீடி தன்னை நிறுத்திக்கொள்ளும். கோப்பில் ஏதாவது எழுதி விசைப்பலகையே பேசாமல் போகும் நாளில் இது தேவைப்படும். அந்த நாள் வரும்.

15-06-2025

"ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் மவுஸ்தான் வேகம், ஆப்பிள் அந்தக் காலத்திலேயே நிரூபித்துவிட்டது" என்று ஒருவர் போட்டிருக்கிறார். ஆப்பிளில் பணியாற்றிய புரூஸ் டொக்னசினி 1989-இல் எழுதியதைச் சொல்கிறார். விசைப்பலகைதான் வேகம் என்று பயனர்கள் நம்புகிறார்கள், கடிகாரமோ மவுஸ் பக்கம் சாட்சி சொல்கிறது என்பது அவர் வாதம். அதை நான் மறுக்கப் போவதில்லை. மெனுவில் என்றைக்கோ ஒருநாள் தேடும் கட்டளைக்கு மவுஸே வேகம் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்வேன்.

ஆனால் நிரல் எழுதும்போது செய்வது அதுவா? ஒரே செயலை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்கிறோம்: இந்தச் சொல்லை மாற்று, இந்த அடைப்புக்குள் இருப்பதை அழி, இந்தச் செயற்கூறு எங்கே பிறந்தது காட்டு, திரும்பி வா. இவை விரலில் பதிந்த பிறகு யோசனையே தேவைப்படுவதில்லை. எனக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. நிரலாளர் அதிக நேரம் செலவிடுவது தட்டச்சில் அல்ல, திரையை வெறித்துப் பார்ப்பதில். வெறித்துப் பார்க்கும்போது நடுவே மவுஸ் சுட்டியைத் தேடி அலைய வேண்டாம் என்பதுதான் என் லாபம்.

கேள்வி கேட்டவர் "வேகம் கூடும் என்றார்கள்" என்று எழுதியிருந்தாரே, அந்த எதிர்பார்ப்பை இறக்கி வையுங்கள். முதல் சில வாரம் வேகம் குறையும். யாருக்கும் விலக்கு இல்லை.

16-06-2025

மவுஸை ஏன் கழற்றி உள்ளே வைத்தீர்கள்? வெளியே எடுங்கள். வலைப்பக்கம் படிக்க, படம் வரைய, யாரோ பகிரும் திரையில் ஒரு இடத்தைச் சுட்டிக்காட்ட அது வேண்டும். இது விரதம் இல்லை.

22-06-2025

எடிட்டர் சண்டை ஆரம்பித்துவிட்டதால் என் பங்குக்கு.

விம் அல்லது நியோவிம்: பலம் அதன் இலக்கணம். வினை, அளவு, பெயர். "அடைப்புக்குள் இருப்பதை மாற்று" என்பது மூன்று விசை. பத்து வினையும் பத்து பெயரும் தெரிந்தால் நூறு கட்டளை தெரிந்த மாதிரி, நூறையும் தனித்தனியாக நெட்டுருப் போட வேண்டியதில்லை. இன்னொரு சாதகம்: விஐ என்பது யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரத்திலேயே இருக்கிறது, யாருடைய சர்வரில் நுழைந்தாலும் ஏதோ ஒரு வடிவில் கிடைக்கும்.

ஈமேக்ஸ்: எடிட்டர் என்று சொல்லிக்கொள்ளும் லிஸ்ப் மொழி இயந்திரம். அதற்குள் கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைப்பது), கோப்பு மேலாண்மை, டெர்மினல், கடிதம் எல்லாமே ஒரே விசைப் பழக்கத்தில். நான் மேலே புலம்பிய அடுக்குச் சண்டை ஈமேக்ஸ்காரர்களுக்குப் பாதியாகக் குறைந்துவிடும். ஏனென்றால் அவர்கள் அடுத்த அடுக்குக்குப் போவதே இல்லை! கிட்டுக்கான மாகிட் ஒன்றுக்காகவே ஈமேக்ஸ் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். 2023-இல் வந்த 29-ஆம் பதிப்பிலிருந்து மொழி சர்வரோடு (பிழை காட்டி, சொல் முடித்துத் தரும் துணை நிரல்) பேசும் எக்லாட் உள்ளேயே வருகிறது, சர்வர் மட்டும் இருந்தால் போதும், ஈமேக்ஸ் பக்கம் தனியே எதையும் நிறுவ வேண்டாம்.

ஹீலிக்ஸ்: முதலில் தேர்ந்தெடு, அப்புறம் செய். எது அழியப்போகிறது என்று அழிவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியும். எல்லாம் உள்ளேயே இருக்கிறது, கான்ஃபிக் என்று எழுத அதிகம் இல்லை. புதிதாக வருகிறவருக்கு இதைத்தான் சொல்வேன் என்று எழுத வந்தேன். ஆனால் விம் பழக்கத்துக்கு அது எதிர்த்திசை. "சொல்லை அழி" என்பது அங்கே "சொல், அழி". இரண்டு பழக்கமும் ஒரே விரலில் தங்காது. சர்வர்களில் புழங்குபவர் யோசித்துக்கொள்ளவும்.

பிராம் மோலெனார் 1991-இல் வெளியிட்ட விம்மை 2023-இல் மறையும் வரை அவரே கவனித்துக்கொண்டார். முப்பது ஆண்டுக்கு மேல் ஒரே எடிட்டர். நாம் மாதம் ஒருமுறை கலர் ஸ்கீம் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

23-06-2025

நியோவிம்முக்கு எந்த ரெடிமேட் தொகுப்பு நல்லது என்று கேட்டால்: எதுவும் வேண்டாம். மார்ச்சில் வந்த 0.11 பதிப்பில் மொழி சர்வரை இயக்க இரண்டு வரி போதும்; ஒன்று அந்தச் சர்வர் எது என்று சொல்ல, ஒன்று அதை உயிர்ப்பிக்க. பெயர் மாற்ற ஜிஆர்என், எங்கெல்லாம் பயன்படுகிறது என்று பார்க்க ஜிஆர்ஆர், விளக்கம் பார்க்கப் பெரிய கே. இவை இயல்பாகவே வந்துவிடும். வரியைக் குறிப்பாக்கும் ஜிசி 0.10-இலேயே உள்ளே வந்துவிட்டது. முன்பு பிளகின் கேட்ட வேலைகளில் பாதி இப்போது அடிப்படையிலேயே இருக்கிறது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து நிறுவிக்கொண்டே போகாதீர்கள்.

ரெடிமேட் தொகுப்பில் என் குறை அதன் தரம் அல்ல. அதில் ஒரு விசை வேலை செய்யாதபோது அதை யார் பிடித்தார் என்று கண்டுபிடிக்க முடியாது. விம்மில் ஒரு விசையை யார் எந்தக் கோப்பின் எந்த வரியில் மாற்றினார் என்று கேட்க வழி உண்டு: மேப் கட்டளைக்கு முன்னால் வெர்போஸ் என்று போட்டு, பின்னால் அந்த விசையைக் கொடுங்கள். இந்த ஒரு கட்டளை தெரிந்திருந்தால் இங்கே வரும் கேள்விகளில் பாதி குறையும்.

24-06-2025

எடிட்டரில் எஸ்கேப் அடித்தால் அரை நொடி தாமதம் என்று புகார் செய்தவருக்கு: டிமக்ஸ். ஆல்ட் சேர்ந்த விசைகள் எஸ்கேப்பில் தொடங்கும் தொடராகத்தான் டெர்மினலில் வருகின்றன. இது தனி எஸ்கேப்பா, தொடரின் தொடக்கமா என்று பார்க்க டிமக்ஸ் 500 மில்லிசெகண்ட் பொறுக்கிறது. எஸ்கேப்-டைம் என்ற அமைப்பை 10 என்று வையுங்கள்.

26-06-2025

மேலே உள்ளதற்கு ஒரு சேர்க்கை: டிமக்ஸ் 3.5 முதல் இயல்பே 10 ஆகிவிட்டது என்று ஒருவர் சுட்டியிருக்கிறார். சரிதான். பழைய பதிப்பு ஓடும் சர்வர்களில்தான் 500. கான்ஃபிக்கில் அந்த வரி இருந்தாலும் கெடுதல் இல்லை.

02-07-2025

இது எல்லோரையும் ஒருமுறை குழப்பும், அதனால் விரிவாக. நியோவிம்மில் டேப் விசைக்கு ஒரு வேலை கொடுத்தேன். கன்ட்ரோல்-ஐ அடித்தாலும் அதே வேலை நடக்கிறது என்றார் ஒருவர். பழுதில்லை. டெர்மினலைப் பொறுத்தவரை அவை இரண்டும் ஒரே எழுத்து. ஆஸ்கி அட்டவணையில் கன்ட்ரோல் சேர்த்தால் எழுத்தின் மேல்பிட்டுகள் உதிர்ந்துவிடும். அப்படி ஐ என்பது டேப் ஆகிறது, எம் என்பது எண்டர் ஆகிறது, இடது சதுர அடைப்பு எஸ்கேப் ஆகிறது. எஸ்கேப் தொலைவாக இருக்கிறது என்பவர்கள் கன்ட்ரோல்-சதுர அடைப்பு அடிப்பது இதனால்தான்.

இதை மாற்ற கிட்டி டெர்மினல் ஒரு புதிய நெறிமுறை கொண்டுவந்தது; ஃபூட், அலாகிரிட்டி, வெஸ்டெர்ம் ஆகிய டெர்மினல்களும் ஏற்றுக்கொண்டுவிட்டன. அதில் ஒவ்வொரு விசைச் சேர்க்கையும் தனித்தனி அடையாளத்துடன் போகும். ஆனால் நடுவில் டிமக்ஸ் இருந்தால் அதிலும் நீட்டித்த விசைகளை இயக்கியாக வேண்டும். அடுக்கு, அடுக்கு, எல்லாம் அடுக்கு.

05-07-2025

டைலிங் விண்டோ மேனேஜர் இருந்தால் டிமக்ஸ் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஜன்னலைப் பிரிக்க இரண்டு பேர், இரண்டு விதமான விசை, தேவையில்லைதான். உள்ளூர்க் கணினியில் நான் டிமக்ஸை விட்டுவிட்டேன். எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலுள்ள கணினிக்குப் போகும் இடத்தில் மட்டும் வைத்திருக்கிறேன், இணைப்பு அறுந்தாலும் வேலை அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும்.

விட்டதும் இடித்தது ஒன்று: மேலே ஓடிப்போன வெளியீட்டிலிருந்து மவுஸ் தொடாமல் ஒரு வரியை நகலெடுப்பது. டிமக்ஸின் காப்பி மோடு அதற்கு அருமை. அலாகிரிட்டியில் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஸ்பேஸ் அடித்தால் விஐ மோடு வருகிறது, அதில் விம் போலவே நகர்ந்து தேர்ந்தெடுக்கலாம். போதுமாக இருக்கிறது.

06-07-2025

ஐ3-இல் ஜன்னல் விட்டு ஜன்னல் போக ஜே, கே, எல், அரைப்புள்ளி. விம்மில் ஹெச், ஜே, கே, எல். ஒரு விசை தள்ளி! விரல்களை இயல்பாக வைக்கும் இடம் அதுதான் என்பது ஐ3 தரப்பு வாதம், அதில் தவறில்லை. ஆனாலும் பைத்தியம் பிடிக்கும். வேலண்டுக்கான ஐ3 போன்ற ஸ்வேயில் இயல்பாகவே ஹெச் ஜே கே எல். ஐ3 கான்ஃபிக்கில் முதலில் மாற்ற வேண்டியது அது. சூப்பர்-ஹெச் ஏற்கெனவே பக்கவாட்டில் பிரிப்பதற்கு ஒதுக்கியிருப்பார்கள், அதை வேறு விசைக்கு நகர்த்த மறக்காதீர்கள்.

கான்ஃபிக்கை மாற்றிய பின் அப்படியே ரீலோட் செய்யாமல், ஐ3, ஸ்வே இரண்டிலும் பெரிய சி கொடியுடன் (கட்டளைக்குப் பின் கோடு போட்டுச் சேர்க்கும் எழுத்து) ஓட்டிப் பாருங்கள். பிழை இருந்தால் சொல்லும். அதையும் மீறி வரைகலை அமர்வு சிக்கிக்கொண்டால் கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அடித்துக் கன்சோலுக்குப் போய்ச் சரிசெய்யலாம்.

13-07-2025

இப்போது தமிழ். இந்தச் சங்கடம் மோடு வைத்த எடிட்டரில் (எழுத இன்செர்ட், கட்டளைக்கு நார்மல்) தமிழ் எழுதும் எவருக்கும் உண்டு, ஆங்கில வழிகாட்டிகளில் இதற்கு விடை இருக்காது.

தமிழ்99 விசையமைப்பு இயக்கத்தில் இருக்கும்போது எஸ்கேப் அடித்து நார்மல் மோடுக்கு வருகிறீர்கள். ஹெச், ஜே, கே, எல் விசைகளில் இருப்பது க, ப, ம, த. கீழே போக ஜே அடித்தால் விம்முக்குப் போவது "ப". விம் திருதிருவென்று விழிக்கும். வரியை அழிக்க டிடி அடித்தால் "உஉ" போகும். ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்துக்கு மாற்றி, திரும்ப மாற்றி. ரொம்ப நேரம் தாங்காது.

வழி ஒன்று: லாங்மேப். நார்மல் மோடில் "க" வந்தால் ஹெச் என்று எடுத்துக்கொள், "ப" வந்தால் ஜே என்று விம்மிடம் சொல்லிவைப்பது. எக்ஸ்கேபி லேஅவுட்டாகத் தமிழ்99 போட்டிருப்பவர்களுக்கு வேலை செய்கிறது. ஐபஸ், எஃப்சிடிஎக்ஸ் போன்ற உள்ளீட்டு முறைகளில் அவ்வளவு ஒத்துவராது, ஏனென்றால் அவை எழுத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு அடுத்ததையும் பார்த்துவிட்டுத்தான் தரும்.

வழி இரண்டு: இன்செர்ட் மோடை விட்டு வெளியேறும் நிகழ்வில் எஃப்சிடிஎக்ஸை அணைக்கும் கட்டளையைக் கட்டிவிடுவது. அதற்கென்றே எஃப்சிடிஎக்ஸ்5-ரிமோட் என்ற நிரல் கூடவே வருகிறது. நான் இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வழி மூன்று: மாற்றத்தை எடிட்டருக்குள்ளேயே வைத்துக்கொள்வது. விம்மில் கீமேப் என்று ஒன்று உண்டு. அது இன்செர்ட் மோடில் மட்டும் எழுத்தை மாற்றும், கட்டளைகளைத் தொடாது. அங்கே கன்ட்ரோல்-6 அடித்தால் தமிழும் ஆங்கிலமும் மாறும். ஈமேக்ஸில் இதற்குச் சமம் கன்ட்ரோல்-பின்சாய்கோடு. அங்கே தமிழ் ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல்-எக்ஸ் கட்டளைகள் பிசகாமல் வேலை செய்யும். கணினி முழுக்க ஒரே உள்ளீட்டு முறை வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால் மூன்றாவதுதான் நேர்த்தியானது.

டிமக்ஸுக்குக் கன்ட்ரோல்-ஸ்பேஸ் வைத்ததில் வில்லங்கம் என்றேனே, அது இங்கே: எஃப்சிடிஎக்ஸ் தன்னை இயக்க இயல்பாக எடுத்துக்கொள்வதும் கன்ட்ரோல்-ஸ்பேஸ். ஈமேக்ஸில் தேர்வைத் தொடங்குவதும் அதே. மூன்று பேர் ஒரு நாற்காலி. எஃப்சிடிஎக்ஸை வேறு விசைக்கு நகர்த்திவிட்டேன். சூப்பர்-ஸ்பேஸ் நல்ல இடம் என்று தோன்றும். ஐ3-யிலும் ஸ்வேயிலும் அதற்கு ஏற்கெனவே வேலை உண்டு, அதை முதலில் காலி செய்ய வேண்டும்.

14-07-2025

எழுத்தை உள்ளிட்டுவிட்டால் போதுமா, தெரிய வேண்டாமா. டெர்மினல் என்பது ஒரே அளவுக் கட்டங்கள். ஒரு கட்டத்தில் ஒரு எழுத்து என்று நினைத்துக் கட்டியது. "கொ" என்பது கணினிக்கு இரண்டு குறி, கண்ணுக்கு மூன்று துண்டு, அதில் கொம்பு இடப்பக்கம் போய் உட்கார வேண்டும். அது எத்தனை கட்டம் என்று டெர்மினல் ஒன்று நினைக்கும், எடிட்டர் வேறொன்று நினைக்கும். கர்சர் தப்பான இடத்தில் நிற்கும். எழுத்துகளை இணைத்து வடிவமைக்கும் வேலையை அலாகிரிட்டி செய்வதே இல்லை. ஃபூட் செய்கிறது, கட்டத்துக்குள் நெருக்கிக்கொண்டாவது. நீளமான தமிழ் உரை எழுத எனக்குப் பிடித்தது வரைகலை ஈமேக்ஸ்தான். ஹார்ஃபஸ் என்ற எழுத்து வடிவமைப்பு நூலகம் கொண்டு வரைவதால் ஒழுங்காகத் தெரிகிறது. நிரலில் நடுநடுவே தமிழ்ச் சரங்கள் மட்டும் என்றால் நியோவிம்மிலேயே சமாளிக்கலாம்.

20-07-2025

ஹோம் ரோ மாட்ஸ் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார்கள். நடுவரிசை எழுத்துகளையே பிடித்தால் கன்ட்ரோல், ஆல்ட், சூப்பர் ஆக்குவது. ஆங்கிலத்துக்கு எனக்குப் பிடித்திருந்தது. தமிழ்99-இல் இடது நடுவரிசை முழுக்க அ, இ, உ, புள்ளி, எ. அங்கே விரல் ஓடிக்கொண்டே இருக்கும், ஒன்று எழும் முன் அடுத்தது விழும். பாதி நேரம் எழுத்துக்குப் பதில் ஏதோ ஒரு ஜன்னல் மூடிக்கொண்டது. நேரக் கணக்கை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். கேப்ஸ் லாக் ஒன்று போதும்.

27-07-2025

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். ஐ3-ஐ இப்போதைக்கு எடுத்துவிட்டு வழக்கமான டெஸ்க்டாப்பான க்நோமிலேயே இருக்கிறாராம், சூப்பர் விசையும் எண்ணும் சேர்த்து அடித்தே நிரல்களுக்கு இடையே தாவுகிறார், ஷெல்லும் எடிட்டரும் படிந்துவிட்டன. உலாவி மட்டும் பாக்கி என்கிறார்.

உலாவியில் விமியம் அல்லது ட்ரைடாக்டில் நீட்சி. எஃப் அடித்தால் ஒவ்வொரு இணைப்பின் மேலும் ஓரிரு எழுத்து தோன்றும், அதை அடித்தால் திறக்கும். உலாவியின் சொந்த அமைப்புப் பக்கங்களில் நீட்சிகளுக்கு அனுமதி இல்லை, அங்கே கைவிட்டுவிடும். எதையும் நிறுவாமலே ஃபயர்பாக்ஸில் ஒற்றை மேற்கோள் குறி அடித்து இணைப்பின் சொற்களைத் தட்டினால் அதில் போய் நிற்கும், எண்டர் அடித்தால் திறக்கும். பலருக்கு இது தெரியாது.

ஆனால் ஷெல் பழக்கத்தில் உரைப்பெட்டியில் ஒரு சொல்லை அழிக்கக் கன்ட்ரோல்-டபிள்யூ அடிப்பீர்கள், தாவலே மூடிக்கொள்ளும். எழுதிக்கொண்டிருந்த பதில் அதோடு போகும். இந்தப் பதிலை நான் எடிட்டரில் எழுதிவிட்டுத்தான் இங்கே ஒட்டுகிறேன்.

28-07-2025

விட்டுப்போனவை, வந்த வரிசையில்.

ஷெல்லில் நீண்ட கட்டளை கையை மீறினால் கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-ஈ. அந்த வரி உங்கள் எடிட்டரில் திறக்கும். சேமித்து வெளியேறினால் ஓடும். அதனால் வெளியேறும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கிட்டில் மாற்றங்களைத் துண்டு துண்டாகச் சேர்க்க ஆட் கட்டளைக்குப் பின் பி கொடி. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே எழுத்தில் பதில், எஸ் அடித்தால் இன்னும் சிறிதாக உடைக்கும். தனி வரைகலை நிரலே வேண்டாம்.

பிழை தேட ஜிடிபி பயன்படுத்துகிறவர்கள் கன்ட்ரோல்-எக்ஸ் அடித்து ஏ அடியுங்கள். மூல நிரல் மேல்பாதியில் தோன்றும். இது தெரியாமல் வரி வரியாக லிஸ்ட் அடித்தே காலம் தள்ளுகிறவர்கள் உண்டு.

03-08-2025

கான்ஃபிக் கோப்புகளை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு: ஒரு கிட் களஞ்சியம், அதிலிருந்து ஸ்டோ என்ற சிறு நிரல் கொண்டு, கோப்புகள் இருக்க வேண்டிய இடத்துக்குக் குறியிணைப்புகள். இதே வேலைக்கு நிக்ஸ், செஸ்மாய் எல்லாம் நல்லவைதான். ஒரே கணினி வைத்திருப்பவருக்கு ஸ்டோ தாராளம். கீடியின் கோப்பு வீட்டு அடைவில் இல்லை, ஈடிசி அடைவில் இருக்கிறது. அதைத் தனியாக நகலெடுத்து வைக்கவும். புதுக் கணினிக்கு மாறும்போது எல்லோரும் மறப்பது அதைத்தான்.

தனியே கியூஎம்கே (விசைப்பலகைக்குள்ளேயே ஓடும் நிரல்) உள்ள விசைப்பலகை வாங்கி, அதற்குள்ளேயே கேப்ஸ் லாக்கை மாற்றியிருந்தால் கீடியின் கோப்பில் அந்தச் சாதனத்தின் அடையாள எண்ணை விலக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒரே விசையை இரண்டு பேர் மொழிபெயர்ப்பார்கள்.

05-08-2025

"கேப்ஸ் லாக்கை எல்லோரும் எடுத்துக்கொண்டால் பெரிய எழுத்தில் எஸ்க்யூஎல் எழுதுகிற நாங்கள் என்ன செய்வது?" விம்மில் சின்ன எழுத்தில் எழுதிவிட்டுச் சொல்லின் மேல் நின்று ஜி, பெரிய யூ, அப்புறம் ஐடபிள்யூ. மற்ற இடங்களில் எக்ஸ்கேபியில் இரண்டு ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் கேப்ஸ் லாக் ஆகும்படி ஒரு அமைப்பு உண்டு, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அல்லது சின்ன எழுத்திலேயே எழுதுங்கள், டேட்டாபேஸ் கோபித்துக்கொள்ளாது.